பழைய கணினியும் பக்கக் கோப்பும்

கருவி தளர்ந்தவிடத்துக் கருவியைப் பழித்தல் எளிது. தளர்ச்சியின் காரணத்தை ஆராய்ந்து அறிதல் அரிது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் என்னும் பழமொழி நம் நாட்டிற் பிறந்தது வீணன்று. இல்லங்களில் ஒதுக்கப்படும் பழைய கணினிகளுட் பல, உண்மையிற் பழுதுபட்டமையால் ஒதுக்கப்படுவன அல்ல. உடையவர் அவற்றின் உள்ளமைப்பை அறியாமையால் ஒதுக்கப்படுவனவே என்பது எம் கருத்து. அக்கருத்தை நாட்டுதற்கு, மெய்நிகர் நினைவகம் எனப்படும் ஒன்றைப் பற்றி ஈண்டுச் சில கூறத் துணிகின்றோம். தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என வினவுவாரும் உளராகலாம். அன்னோர்க்கு எம் விடை ஒன்றே: அறியாமையால் இழந்தவர், அறிந்தபின் வாளாவிருத்தல் தகாது.

எம் இல்லத்தில் ஒரு கணினி உண்டு. 2012ஆம் ஆண்டில் எம் தமக்கையார் கல்லூரியிற் சேர்ந்தபொழுது, எம் தந்தையார் தம் சிறு சேமிப்பினின்று பணம் எடுத்து வாங்கியது அது. அதன் முதன்மை நினைவகம், அஃதாவது வழக்கில் ‘ராம்’ என வழங்குவது, 2 ஜிகாபைட்டே. வன்தட்டு 500 ஜிகாபைட்டு கொள்வது. தமக்கையார் அதன் துணையாற் பட்டம் பெற்றார். 2020ஆம் ஆண்டிற் பெருந்தொற்றினாற் பள்ளிகள் மூடப்பட்டபொழுது, யாமும் எம் தம்பியும் முறைவைத்து அதன்முன் அமர்ந்தே பாடங் கேட்டோம். இன்று எம் கட்டுரைகள் எழுதப்படுவதும் அதன்கண்ணே. மூவர் கல்விக்கு உழைத்த அக்கருவியை எம் அன்னையார் இன்றும் ஒரு வெண்துணியால் மூடிவைப்பார்.

அத்தகைய கணினி ஓராண்டின் முன்னர் மிகவும் தளர்வுற்றது. எழுதுஞ் சாளரத்தினின்று அகராதிச் சாளரத்துக்குச் செல்ல விரும்பின், எழுந்து சென்று தண்ணீர் அருந்தி மீளலாம். அதற்குள் அகராதி திறந்திருந்தால் அஃது எம் நற்பேறு. இதற்கு மருந்து யாதென வினவியபொழுது இருவர் இருவகை உரைத்தனர். கடைக்காரர் ஒருவர், “இதனைப் பழைய பொருள் விலைக்குக் கொடுத்துவிடுங்கள், புதியது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்,” என்றார். நண்பர் ஒருவர், “மெய்நிகர் நினைவகம் என ஒன்று உள்ளது; அதுவே வேகத்தைக் கெடுப்பது; அதனை அறவே நீக்கிவிடு,” என்றார். முன்னதற்குப் பொருள் வேண்டும். பின்னதற்கு யாதும் வேண்டா. செலவில்லாத அறிவுரை செவிக்கு இனிதாதல் இயல்பே. ஆதலின் பின்னதையே மேற்கொண்டோம்.

இரண்டு நாள் கணினி சிறிது சுறுசுறுப்புடையது போலத் தோன்றிற்று. மூன்றாம் நாள், நெய்தற்றிணைப் பாடல்களில் வரும் உவமைகளைப் பற்றிய எம் கருத்தரங்கக் கட்டுரையின் இறுதிப் பகுதியை எழுதிக்கொண்டிருந்தோம். அகராதியும், நூற்பக்கங்களின் படங்களும், மூன்று நான்கு இணையப் பக்கங்களும் உடன் திறந்திருந்தன. நினைவகம் போதவில்லை என ஓர் எச்சரிக்கை தோன்றிற்று, அதனைத் தள்ளினோம். மீண்டும் தோன்றிற்று, மீண்டும் தள்ளினோம். சற்று நேரத்தில் எழுதுஞ் சாளரம் ஒரு சொல்லும் சொல்லாமல் மறைந்தது. தானே சேமிக்கும் ஏற்பாட்டையும் வேகங் கருதி முன்னரே நிறுத்தியிருந்தமையால், 38 பக்கங்களுள் 11 பக்கங்கள் மீளா வழிச் சென்றன. மறுநாட் கட்டுரை குறையுடனே படிக்கப்பட்டது. ஆசிரியர் கடிந்திலர், அக்கடியாமையே எமக்குத் தண்டனையாயிற்று. அதனினும் கொடியது, அன்று மாலை சினத்தால் அக்கணினியை விற்றுவிடுமாறு எம் தந்தையாரிடம் யாமே கூறியது. பிழை எமது, பழி கணினியது.

இனி, மெய்நிகர் நினைவகம் யாதெனக் காண்போம். நம் கல்லூரி நூலகத்தில் அமர்ந்து படிக்கும் மாணவர் ஒருவரை நினைக. அவர் முன் ஒரு மேசை. சற்றுத் தொலைவில் ஓர் அலமாரி. மேசைமேல் உள்ள ஏட்டை நொடியில் எடுக்கலாம். ஆயின் மேசை சிறிது. அலமாரி பெரிது, ஆயின் எழுந்து சென்று எடுத்துவர வேண்டும். மேசை நிரம்பியபின் புதியதோர் ஏடு வேண்டின், நெடுநேரம் தொடாத ஏடு ஒன்றை அலமாரியில் வைத்துவிட்டு, அவ்விடத்திற் புதியதை விரித்தல் அறிவுடைமை. கணினியில் முதன்மை நினைவகமே மேசை. வன்தட்டில் ஒதுக்கப்பட்ட ஒரு பகுதியே அலமாரி. இவ்விரண்டையும் ஒரே பெரு நினைவகம் போல நிரல்களுக்குக் காட்டும் ஏற்பாட்டினையே மெய்நிகர் நினைவகம் என்பர். ஏடு மாற்றும் இவ்வேலையில் ஒரு தடவைக்கு இடம் மாறும் அளவிற்குப் ‘பக்கம்’ என்றே பெயர். நம் இல்லக் கணினிகளில் ஒரு பக்கம் பெரும்பாலும் 4 கிலோபைட்டு. வன்தட்டில் அப்பக்கங்கள் தங்குமிடத்தை விண்டோஸ் ‘பேஜிங் ஃபைல்’ என்னும். லினக்ஸ் ‘ஸ்வாப்’ என்னும். யாம் இங்குப் பக்கக் கோப்பு என்போம்.

இஃது இன்று நேற்றுத் தோன்றிய உபாயமன்று. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்னும் அவர்தம் துணைவரும், ஃபெரான்டி கம்பெனியாரோடு கூடி ஆக்கிய அட்லஸ் என்னும் கணினி 1962ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களிற் றொடங்கிவைக்கப்பட்டது. அதன் விரைவு நினைவகம் 16,384 சொற்களே கொள்வது; அதனோடு இணைந்த காந்த உருளைகளோ 98,304 சொற்கள் கொள்வன. 512 சொற்கள் கொண்ட பக்கங்களாக வகுத்து, வேண்டும்பொழுது உருளையினின்று நினைவகத்துக்குத் தானே கொணரும் வகையை அவர்கள் அமைத்தனர். அதற்கு முன்னர், எப்பகுதியை எப்பொழுது எங்கே வைப்பதென்று நிரல் எழுதுவோரே கணக்கிட்டு வருந்தினர். அவ்வருத்தத்தைக் கருவியே ஏற்றுக்கொண்டது. 1985ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தார் வெளியிட்ட 386 என்னுஞ் செயலி இவ்வசதியைச் சிறு கணினிகளுக்கும் கொணர்ந்தது. அறிஞர் பலர் உழைத்து அமைத்த ஓர் ஏற்பாட்டை, யாம் ஒரு மாலைப்பொழுதில் ஒரு சொடுக்கில் நீக்கினோம் என்பதை நினைக்குங்கால் நகையே தோன்றுகின்றது.

அற்றேல், அது வேகத்தைக் கெடுக்கும் என்ற நண்பர் கூற்று முழுப் பொய்யோ எனின், அன்று, அரை மெய். வன்தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்வதெனக் கொள்வோம். ஒரு சுற்றுக்கு 8 மில்லிநொடிக்குச் சிறிது மிகும். வேண்டிய இடம் ஊசியின் கீழ் வருவதற்குச் சராசரி அரைச் சுற்று. அதனோடு ஊசி நகர்தற்கு ஆகும் பொழுதையும் கூட்டின், ஒரு பக்கத்தைத் தேடி எடுக்க ஏறக்குறைய 12 மில்லிநொடி செல்லும். முதன்மை நினைவகத்தினின்று எடுத்தற்கோ ஒரு மில்லிநொடியைப் பதினாயிரங் கூறாக்கிய ஒரு கூறு போதும். மேசையினின்று ஏடெடுக்க ஒரு நொடி ஆகுமெனின், அலமாரிக்குச் சென்று மீள 33 மணி நேரம் ஆகும் என்பது இதன் பொருள். நண்பர் கண்டது இவ்வலமாரிப் பயணத்தை. காணாதது அப்பயணம் நேர்தற்குக் காரணமாகிய மேசையின் சிறுமையை.

மேசை கொள்ளாத அளவுக்கு ஏடுகள் ஒருங்கே வேண்டப்படின், வைப்பதும் எடுப்பதுமே வேலையாகிப் படிப்பு நின்றுவிடும். இந்நிலையைக் கணினி நூலார் ‘த்ராஷிங்’ என்பர். வீண் அலைச்சல் என்பது பொருந்தும். 1968ஆம் ஆண்டில் பீட்டர் டென்னிங் என்பார் இதன் காரணத்தை ஆராய்ந்து, ஒரு நிரல் அவ்வப்பொழுது உண்மையில் வேண்டும் பக்கங்களின் தொகுதிக்கு நினைவகத்தில் இடமிருத்தல் வேண்டும் எனக் காட்டினார். எனவே அலைச்சல் நோயன்று, நோயின் குறி. காய்ச்சலுற்றவன் வெப்பமானியை உடைத்தெறிந்தால் காய்ச்சல் தணியுமோ?

அலமாரியை அறவே நீக்கினால் நிகழ்வது யாது? முதலாவது, நிரல்களுக்குக் கணினி வாக்களிக்கக்கூடிய நினைவகத்தின் எல்லை சுருங்குகின்றது. அவ்வெல்லை, முதன்மை நினைவகமும் பக்கக் கோப்பும் சேர்ந்த தொகை. பக்கக் கோப்பை நீக்கிய எம் கணினியில் அஃது 2 ஜிகாபைட்டே ஆயிற்று. அதற்குமேல் ஒரு நிரல் இடங் கேட்டபொழுது, இல்லை என்பதே விடை. அவ்விடையைத் தாங்காத நிரல் வீழ்ந்தது. இரண்டாவது, நாம் தொட்டு நெடுநேரமான தரவுகளும் வெளியேற இடமின்றி மேசைமேலேயே கிடக்கின்றன. மூன்றாவது, அலைச்சலும் முற்றும் ஒழிவதில்லை. நிரல்களின் கட்டளைப் பகுதிகள் மாறாதன. அவற்றை நினைவகத்தினின்று அகற்றின், மீண்டும் அவற்றின் மூலக் கோப்பினின்றே படித்துக்கொள்ளலாம். இடம் நெருங்கும்பொழுது கணினி அவற்றையே அகற்றியும் மீட்டும் அலைகின்றது. ஆகவே பக்கக் கோப்பை நீக்குவார் வேகத்தையும் உறுதியாகப் பெறார். பாதுகாப்பை உறுதியாக இழப்பர்.

இனி, இதற்கு மறுதலையாக, பக்கக் கோப்பை மிகப் பெரிதாக்கினால் ராம் பெரிதானாற் போலும் என்பாரும் உளர். அதுவும் பொருந்தாது. அலமாரியைப் பத்து மடங்கு பெருக்கினும் மேசை ஒரு விரற்கடையும் வளராது. வீழாமை அதனாற் கிட்டும், விரைவு கிட்டாது.

மூன்றாவது ஒரு சாரார், ராமின் அளவை ஒன்றரை மடங்காக்கிப் பக்கக் கோப்பின் அளவெனக் கொள்க என்னும் பழைய சூத்திரத்தை ஓதுவர். நினைவகம் மிகச் சிறிதாயிருந்த காலத்து அது ஒருவாறு பயன்பட்டது. ஆயின் அதன் காரணத்தை ஆராய்க: மேசை சிறிதாயின் அலமாரி மிகுதியும் வேண்டும், மேசை பெரிதாயின் குறைவாக வேண்டும். சூத்திரமோ, மேசை பெரிதாகப் பெரிதாக அலமாரியையும் பெருக்கச் சொல்கின்றது. ஒருவன் நுகரும் அளவை நோக்காமல் அவன் களஞ்சியத்தை மட்டும் அளப்பது போன்றது இது.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? அளந்து அறிதலே. இயங்குதளம் தானே அளவை நடத்தும் ஏற்பாடு பெரும்பாலார்க்குப் போதும். வன்தட்டில் இடமிருப்பின் அதனை மாற்ற வேண்டுவதில்லை என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கின்றோம். ஆயின் தட்டு நிரம்பிய பழைய கணினியில், அக்கோப்பு வளர்வதற்கு இடமில்லாமற் போதலும், சிறிது சிறிதாக வளர்ந்து தட்டெங்கும் துண்டு துண்டாகச் சிதறுதலும் உண்டு. அத்தகையார் அளவை வரையறுத்தல் நன்று.

எம் கணினி விண்டோஸ் 10 உடையது. அதில் யாம் மேற்கொண்ட முறை வருமாறு. பக்கக் கோப்பை முன்போலத் தானியங்கும் நிலைக்கு மீட்டுக் கணினியை மறுபடி தொடங்கினோம். நாள்தோறும் ஒருங்கே திறக்கும் நிரல்கள் எல்லாவற்றையும் திறந்து, ‘டாஸ்க் மேனேஜர்’ என்பதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியின் ‘மெமரி’ என்னும் இடத்தில் ‘கமிட்டெட்’ என்பதன் எண்ணை ஒரு வாரம் குறித்துவந்தோம். அதன் உச்சம் ஏறக்குறைய 3,500 மெகாபைட்டு. எம் ராம் 2,048 மெகாபைட்டு. கழித்தால் எஞ்சும் குறை 1,452. ஆதலிற் கீழெல்லையை அதற்குச் சிறிது மேலாக 1,536 எனவும், மேலெல்லையை அதன் இருமடங்காக 3,072 எனவும் கொண்டோம். ‘சிஸ்டம் ப்ராபர்ட்டீஸ்’ என்பதில் ‘அட்வான்ஸ்டு’ பகுதிக்குச் சென்று, ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்பதன் ‘செட்டிங்ஸ்’ திறந்து, மீண்டும் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் ‘விர்ச்சுவல் மெமரி’ என்பதன்கீழ் உள்ள ‘சேஞ்ச்’ என்பதை அழுத்தினால் இவ்வெண்களை இடும் இடம் தோன்றும். தானே நடத்துக என்னும் குறியை நீக்கி, ‘கஸ்டம் சைஸ்’ என்பதில் இரண்டு எண்களையும் இட்டு, ‘செட்’ என்பதை அழுத்திக் கணினியை மறுபடி தொடங்குதல் வேண்டும். மாற்றுமுன் பழைய நிலையை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுதல் நன்று.

இவ்வெண்கள் எம்முடையன; பிறர் அப்படியே எடுத்தாளற்க. அளக்கும் முறையை எடுத்தாள்க. வன்தட்டு இரண்டு உடையார் பக்கக் கோப்பை இயங்குதளம் இல்லாத தட்டில் வைப்பின் நெருக்கடி குறையலாம். ஒரே தட்டைச் ‘சி’ எனவும் ‘டி’ எனவும் பிரித்து, ‘டி’யில் வைப்பதாற் பயனில்லை. ஊசி ஒன்றே அன்றோ? லினக்ஸ் கொண்டார்க்கு ஸ்வாப் பகுதியும், பக்கங்களை வெளியேற்றும் விழைவைக் குறிக்கும் ‘ஸ்வாப்பினஸ்’ என்னும் எண்ணும் உள. அவ்வெண் வழக்கமாக 60. அதனையும் காரணமறிந்தே மாற்றுக.

இம்மாற்றத்தால் எம் கணினி இளமை பெற்றதெனக் கூறோம். அளவை வரையறுத்ததோடு, தொடக்கத்தில் தாமே எழும் வேண்டாத நிரல்கள் ஏழனை நிறுத்தினோம். எழுதுங்கால் இணையப் பக்கங்கள் இரண்டுக்கு மேல் திறவாமை என்னும் விரதத்தை மேற்கொண்டோம். வேகம் ஓரளவே கூடிற்று. அதுவும் பெரும்பாலும் இப்பின்னவற்றால் ஆயது. ஆயின் வீழ்தல் ஒழிந்தது. அன்றுமுதல் இன்றுகாறும் ஒரு பக்கமும் இழந்திலோம். பொருள் சிறிது உடையார் முதலில் ராமைக் கூட்டுக. அடுத்து வன்தட்டை நீக்கி எஸ்எஸ்டி பொருத்துக. மேசை பெரிதாதலும், அலமாரி அருகு வருதலும் என்னும் இவ்விரண்டே மெய்யான மருந்து. பக்கக் கோப்பின் அளவை மாற்றுதல், மருந்து கிட்டுமளவும் உயிர் காக்கும் பத்தியம்.

இன்னொன்றும் மறைத்தற்குரியதன்று. விண்டோஸ் 10க்கு அளிக்கப்பட்ட வழக்கமான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோஸ் 11க்கோ 4 ஜிகாபைட்டு ராமும், பழைய கணினிகள் பலவற்றில் இல்லாத பாதுகாப்பு உறுப்பும் வேண்டும். நினைவகத்தை எவ்வளவு திருத்தினும் இக்குறை தீராது. எனவே யாம் வரும் விடுமுறையில் எளியதொரு லினக்ஸுக்கு மாறக் கருதியுள்ளோம். பழையதைப் பேணுதல் என்பது அதன் குறைகளைக் காணாது கண்மூடியிருத்தலன்று. கண்டு, இயன்றதைத் தீர்த்து, இயலாததற்கு மாற்று வழி தேடுதலே.

இக்கட்டுரையால் யாம் வற்புறுத்த விரும்புவன மூன்று. முதலாவது, காரணங் கூறாத அறிவுரையைக் கணினித் துறையிலும் ஏலாதொழிக. இலக்கணம் பயில்கையில் ஒரு விதியைக் கேட்ட மாத்திரத்தே, இதற்கு எடுத்துக்காட்டு யாது, புறனடை யாது என ஆசிரியரை வினவுகின்றோம். அவ்வினாவை வீட்டிற்குச் செல்லும்பொழுது வகுப்பறையிலேயே வைத்துவிட்டுச் செல்வது என்ன நியாயம்? இரண்டாவது, தமிழில் இத்தகைய விளக்கங்கள் பெருகுதல் வேண்டும். இதனை அழுத்து, அதனை நீக்கு என்னும் ஏவல்களே நம் மொழியில் மிகுதியும் வழங்குகின்றன. ஏன் என்பதைச் சொல்லும் உரை குறைவு. உரையாசிரியர் மரபில் வந்த தமிழ் மாணவர்க்கு இதனினும் பொருத்தமான பணி வேறு யாது? மூன்றாவது, நம் கல்லூரியிற் கணினியியல் பயிலும் நண்பர்கள் திங்களில் ஒரு சனிக்கிழமை பிற்பகலை இதற்கென ஒதுக்கி, மாணவர் கொணரும் பழைய கணினிகளை நோக்கி, விற்கத்தக்கது இது, வைத்துப் பேணத்தக்கது இது எனக் கூறுவாராயின், பல இல்லங்களின் பொருள் காக்கப்படும். தமிழ் மாணவராகிய யாம் அவர்கள் கூறுவதை எளிய தமிழில் எழுதித் தர உடன்படுகின்றோம். பழைய மாணவராகிய பெரியோரும் தாம் ஒதுக்கிய கணினிகளைப் பரணில் உறங்கவிடாது இம்முயற்சிக்கு அளித்தல் கூடும்.

எம் தந்தையார் அன்று யாம் கூறியதைக் கேட்டுக் கணினியை விற்றிருப்பாராயின், எம் தம்பி இவ்வாண்டு எதன்முன் அமர்ந்து பயில்வான் என நினைக்குந்தோறும் உள்ளம் நடுங்குகின்றது. அவர் விற்கவில்லை. “அது என்ன கெட்டுப்போயிற்று என்று முதலில் பார்,” என்று மட்டும் கூறினார். அவர் கணினி அறியாதவர். ஆயினும் எமக்குக் கிடைத்த அறிவுரைகளுட் காரணத்தைத் தேடச் சொன்னது அது ஒன்றே.